எழுத்துகளை எண்ணியவர்

எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து சொல்லாகின்றன. எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து வரும் என்று வரையறுப்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. க், ச், த், ப் ஆகிய மெய்களை அடுத்துத் தத்தம் எழுத்தே வரும் என்றும், ர், ழ் ஆகியவை தம்மொடு தாம் மயங்கா என்றும் மெய்ம்மயக்கப் பகுதியில் கற்கிறோம். வருவதையும் வாராததையும் இலக்கணம் பிரித்துக் காட்டுகிறது. அவ்விரண்டுக்கும் இடையில் நின்று, நூறு முறைக்கு எத்தனை முறை வரும் என்று கேட்டு, அதைக் கணிதமாக்கியவர் ஆந்திரேய் ஆந்திரேயெவிச் மார்க்கோவ் என்னும் ரஷ்யக் கணித அறிஞர். அவர் அமைத்த கணக்கு, அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வில் மரபணுக்களைத் தேடும் கருவியாயிற்று.

ஊன்றுகோலும் கணக்கும்

மார்க்கோவ் 1856ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பிறந்தார். தந்தை வனத்துறையில் அலுவலர். பின்னர்க் குடும்பம் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறியது. அங்குச் செல்வக் குடும்பம் ஒன்றின் பண்ணை நிலங்களை மேற்பார்க்கும் பணியைத் தந்தை ஏற்றார்.

சிறுவன் ஆந்திரேய்க்கு முழங்காலில் குறை இருந்தது. பத்து வயதுவரை ஊன்றுகோலின்றி அவரால் நடக்க இயலவில்லை. அறுவை மருத்துவத்துக்குப் பின் ஊன்றுகோலை விட்டார். எனினும் நடையில் சிறு தாங்கல் வாழ்நாள் முழுதும் நீடித்தது. ஓடியாடும் பருவத்தை உட்கார்ந்தே கழிக்க நேர்ந்த பிள்ளைகள் பலர் புத்தகத்தை நாடுவர். இவர் கணக்கை நாடினார்.

பள்ளியில் அவர் நல்ல மாணவர் என்று பெயரெடுக்கவில்லை. இலத்தீனும் கிரேக்கமும் முதலிடம் பெற்றிருந்த கல்விமுறை அது. கணிதம் ஒன்றில் மட்டும் அவர் சிறந்து விளங்கினார். ஏனைய பாடங்களில் ஆசிரியர்களின் குறைகூறலுக்கு ஆளானார். பள்ளி மாணவராக இருக்கும்போதே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை ஒன்றைக் கண்டதாக எண்ணிக் கட்டுரை எழுதினார். அதனை நாட்டின் முன்னணிக் கணித அறிஞர்களாகிய புன்யாகோவ்ஸ்கி, கோர்க்கின், சொலொத்தரேவ் ஆகியோருக்கு அனுப்பினார். அம்முறை புதியதன்று, முன்னரே அறியப்பட்டதுதான். ஆயினும் கோர்க்கினும் சொலொத்தரேவும் அந்தப் பள்ளி மாணவரைப் புறக்கணிக்கவில்லை. அவர்களுடன் ஏற்பட்ட தொடர்பே 1874இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தபோது பெருந்துணையாயிற்று.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியருள் தலையாயவர் செபிஷெவ். எண் கோட்பாட்டிலும் நிகழ்தகவிலும் உலகப் புகழ்பெற்றவர் அவர். மார்க்கோவ் 1878இல் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றார், 1884இல் முனைவரானார். செபிஷெவின் பரிந்துரையால் 1886இல் பேரரசு அறிவியல் கழகத்தில் இடம்பெற்று, 1896இல் அதன் முழு உறுப்பினரானார். இதற்கிடையே 1883இல் மரியா வல்வாத்தியேவாவை மணந்தார். தந்தை மேற்பார்த்த பண்ணையின் உரிமையாளருடைய மகள் அவர். மார்க்கோவ் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மேற்பார்வையாளரின் மகனுக்குப் பெண் கொடுக்கத் தாயார் எளிதில் இசையவில்லை. மார்க்கோவ் கல்வியால் தகுதி பெறும்வரை திருமணம் தள்ளிப்போயிற்று.

குடும்பத்தில் இன்னொரு கணித மேதையும் இருந்தார். மார்க்கோவைவிடப் பதினைந்து ஆண்டு இளையவராகிய விளாதிமிர் அவர். தமையன் நிறுவிய தேற்றம் ஒன்றைப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே மேலும் விரிவாக்கினார். இன்றும் அது மார்க்கோவ் உடன்பிறந்தாரின் சமனிலி என்று இருவர் பெயராலும் வழங்குகிறது. அந்த இளைஞரைக் காசநோய் பற்றிக்கொண்டது. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ராபர்ட் கோக் 1882இலேயே கண்டறிந்திருந்தார். ஆனால், அதனை அழிக்கும் மருந்து அக்காலத்தில் இல்லை. விளாதிமிர் 1897இல், தம் இருபத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

வளையாத இயல்பு

மார்க்கோவின் சொல் கூர்மையானது. பிறருடைய நூலில் பிழை கண்டால் அதை எழுதியவர் யாரென்று பாராமல் எடுத்துரைப்பார். சினம் மிக்க ஆந்திரேய் என்னும் பொருள்படும் பட்டப்பெயரும் அவருக்கு வழங்கியது. சதுரங்கத்தில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதும் அவருடைய இயல்புக்குப் பொருந்துவதே.

அந்தக் கூர்மை வகுப்பறையோடு நிற்கவில்லை. எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி 1902இல் அறிவியல் கழகத்தின் மதிப்புறு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கார்க்கியின் அரசியல் சார்பு காரணமாகச் சார் மன்னரின் அரசு அத்தேர்தலைச் செல்லாதெனச் செய்தது. மார்க்கோவ் அதனை எதிர்த்து எழுத்து வடிவில் கண்டனம் தெரிவித்தார். அரசு வழங்கும் விருதுகள் இனித் தமக்கு வேண்டா என்றும் அறிவித்தார். 1908இல் மாணவர் கிளர்ச்சிகள் எழுந்தபோது, பேராசிரியர்கள் தம் மாணவர்களைக் கண்காணிக்க வேண்டும் என்னும் கருத்துப்பட அரசு ஆணை பிறப்பித்தது. தாம் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியரேயன்றி அரசின் முகவர் அல்லர் என்று கூறி, அப்பணியை ஏற்க மறுத்து அமைச்சகத்துக்கு எழுதினார். எழுத்தாளர் டால்ஸ்டாயைத் திருச்சபை 1901இல் விலக்கியிருந்தது. அதனை மனத்தில் கொண்டு, தம்மையும் அவ்வாறே விலக்கிவிடுமாறு 1912இல் திருச்சபைத் தலைமைக்கு மார்க்கோவ் தாமே விண்ணப்பித்தார். இவற்றில் ஒவ்வொன்றும் பதவிக்கும் ஊதியத்துக்கும் இடையூறு விளைவிக்கக்கூடிய செயலே. அவர் அதை அறியாதவரல்லர்.

நாணயமும் தன்விருப்பமும்

அவரது பெயரை நிலைக்கச் செய்த கண்டுபிடிப்பும் ஒரு சண்டையில்தான் பிறந்தது.

நாணயம் ஒன்றைப் பத்து முறை சுண்டினால் தலை ஏழு முறை விழலாம். மூன்று முறையும் விழலாம். பத்தாயிரம் முறை சுண்டினால் தலை விழும் விகிதம் பாதியை நெருங்கி நிற்கும். இது பேரெண் விதி எனப்படும். சுவிட்சர்லாந்தின் ஜேக்கப் பெர்னூலி இதனை நிறுவினார். அவர் மறைந்தபின் 1713இல் அவருடைய நூல் வெளிவந்தது. அந்நிறுவலில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சுண்டலின் விளைவு அடுத்த சுண்டலைத் தாக்காது. ஒவ்வொன்றும் தனித்தது, சார்பற்றது.

மாஸ்கோவைச் சேர்ந்த பாவெல் நெக்ராசோவ் என்னும் கணிதப் பேராசிரியர் இந்த நிபந்தனையைக் கொண்டு ஒரு பெருவாதத்தை எழுப்பினார். சமய நம்பிக்கையும் அரசுப்பற்றும் மிக்கவர் அவர். சார்பற்ற நிகழ்ச்சிகளுக்கே பேரெண் விதி பொருந்தும் என்றார். ஒரு நாட்டில் ஆண்டுதோறும் நிகழும் திருமணங்கள், குற்றங்கள் முதலியவற்றின் எண்ணிக்கை பெரிதும் மாறாமல் இருக்கிறது. எனவே அவ்விதி மனிதச் செயல்களுக்கும் பொருந்துகிறது. ஆகவே மனிதச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை. ஆதலால் மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டு என்பதைக் கணிதமே மெய்ப்பிக்கிறது என்பது அவர் கொண்ட முடிவு.

மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டா, இல்லையா என்னும் வினாவுக்குள் மார்க்கோவ் புகவில்லை. கணிதத்தின் பெயரால் ஒரு தவறான படி கூறப்பட்டிருப்பதே அவருக்குப் பொறுக்கவில்லை. மழை பெய்தால் தரை நனையும். அதனால் தரை நனைந்திருந்தாலே மழை பெய்தது என்று கொள்ள இயலுமா? சார்பின்மை இருந்தால் விதி பொருந்தும் என்பதிலிருந்து, விதி பொருந்தினால் சார்பின்மை இருந்தே தீரும் என்று நெக்ராசோவ் கொண்டார். அது பிழை என்று காட்ட எதிர்ச்சான்று ஒன்று போதும். ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளுக்கும் பேரெண் விதி பொருந்துவதாக ஓர் அமைப்பை உருவாக்கிக் காட்ட வேண்டும்.

மார்க்கோவ் 1906இல் வெளியிட்ட கட்டுரையில் அதைச் செய்தார். அடுத்து நிகழ்வது என்ன என்பது இப்போதைய நிலையைச் சார்ந்தது. அதற்கு முன் வந்த வழி எதுவாயினும் கணக்கில் வாராது. இதுவே அவ்வமைப்பு. ஒரு வளையம் தனக்கு அடுத்த வளையத்தை மட்டும் பற்றியிருப்பது போன்ற இவ்வமைப்பு மார்க்கோவ் சங்கிலி எனப் பெயர் பெற்றது. இத்தகைய சங்கிலியிலும், சில எளிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விகிதங்கள் நிலைபெறுகின்றன என அவர் நிறுவினார். நெக்ராசோவின் வாதம் அடித்தளமின்றிப் போயிற்று.

இருபதாயிரம் எழுத்துகள்

சங்கிலி தாளில் நிறுவப்பட்டது; உலகில் அப்படி ஏதேனும் உண்டா? மார்க்கோவ் எடுத்துக்கொண்டது கவிஞர் புஷ்கினின் எவ்கேனி ஒனேகின் என்னும் செய்யுள் நவீனம். ரஷ்யர்கள் மனப்பாடமாகச் சொல்லும் நூல் அது. அதன் முதல் அதிகாரம் முழுவதையும் இரண்டாம் அதிகாரத்தின் பதினாறு செய்யுள்களையும் எடுத்தார். சொற்களுக்கு இடையே உள்ள வெளி, நிறுத்தக்குறி, ஒலியற்ற இரு குறியெழுத்துகள் ஆகியவற்றை நீக்கினார். எஞ்சிய 20,000 எழுத்துகளை வரிசைக்குப் பத்து, பத்து வரிசை எனக் கட்டங்களாக எழுதினார். ஒரு கட்டத்தில் நூறு எழுத்து. மொத்தம் 200 கட்டங்கள். கணினி இல்லை, கையால் எண்ணினார்.

உயிரெழுத்துகள் 8,638, மெய்யெழுத்துகள் 11,362 எனக் கண்டார். நூற்றுக்கு 43 உயிர். ஓர் எழுத்து அடுத்த எழுத்தைத் தாக்காது என்று கொண்டால், உயிரை அடுத்து உயிர் வரும் இடங்கள் ஏறத்தாழ 3,700 இருந்திருக்க வேண்டும். அவர் எண்ணிக் கண்டவையோ 1,104 மட்டுமே. உயிரை அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு 13. மெய்யை அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு 66. எழுத்துகள் ஒன்றையொன்று வலுவாகச் சார்ந்துள்ளன. அவ்வாறு சார்ந்திருந்தும், கட்டத்துக்குக் கட்டம் உயிரெழுத்துகளின் விகிதம் பெரிதும் மாறாமல் நிலைத்து நின்றது. நெக்ராசோவ் இயலாது என்றதைப் புஷ்கினின் செய்யுள் நிகழ்த்திக் காட்டியது.

இக்கணக்கை மார்க்கோவ் 1913ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். ரொமானோவ் அரச குடும்பம் ஆட்சிக்கு வந்த முந்நூறாம் ஆண்டு விழாவை அரசு பேராரவாரத்துடன் கொண்டாடிய ஆண்டு அது. பெர்னூலியின் நூல் வெளிவந்த இருநூறாம் ஆண்டும் அதுவே என்பதை மார்க்கோவ் மறக்கவில்லை. பேரெண் விதிக்கு ஒரு விழா எடுக்கச் செய்தார். பின்னர் அக்சாகோவ் என்னும் எழுத்தாளரின் உரைநடை நூலிலிருந்து 1,00,000 எழுத்துகளை எடுத்து, அவற்றையும் இவ்வாறே எண்ணினார்.

கவிதையை நேசிப்போர்க்கு இச்செயல் வறட்சியாகத் தோன்றலாம். அவர் அழகை அளக்க முற்படவில்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பொருளை முற்றிலும் விலக்கி, எழுத்துகளின் வரிசையை மட்டும் பார்த்தாலும் ஒரு மொழியின் சாயல் அதில் படிந்திருக்கும் என்பதே அவர் எண்ணிக்கை காட்டிய செய்தி. அதன் பயன் பின்னர்த்தான் விளங்கியது.

பொருந்தாத காலணி

1917இல் ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. தலைநகரில் உணவுக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அறுபத்தொரு வயது மார்க்கோவ், குடும்பத்துடன் சராய்ஸ்க் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் ஊதியம் பெறாமல் கணிதம் கற்பித்தார். உலகறிந்த அறிஞர் ஒருவர் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அந்தக் குளிர்காலத்தைப் பற்றி மேலும் அறிய விழைவோர் பலர். கிடைக்கும் செய்தியோ இவ்வளவே.

தலைநகருக்குத் திரும்பியபின் வறுமை கூடியது. 1921இல், காலணி இல்லாமையால் கூட்டங்களுக்கு வர இயலவில்லை என அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். அறிஞர்களின் வாழ்க்கை நலம் பேணும் குழு அவருக்குக் காலணி கிடைக்க வழி செய்தது. அக்குழுவில் முதன்மையானவர், எவருக்காக மார்க்கோவ் முன்பு குரல் கொடுத்தாரோ அந்தக் கார்க்கியே. காலணி வந்தது, ஆனால், தையல் சீரில்லை, அளவும் பொருந்தவில்லை. இதனை அணிந்து வர இயலாதாகையால், இக்காலத்துப் பொருட்பண்பாட்டின் சான்றாக அருங்காட்சியகத்தில் வைத்துக்கொள்ளுமாறு கொடையளிக்கத் தாம் ஆயத்தமாக இருப்பதாக மார்க்கோவ் பதிலெழுதினார். பசியும் குளிரும் அவருடைய சொல்லின் கூர்மையை மழுக்கவில்லை.

நிற்பதற்கே இயலாத நிலையிலும் நிகழ்தகவு வகுப்புகளை நடத்திவந்தார். இளமையில் வருத்திய கால் முதுமையிலும் விடவில்லை. அறுவை மருத்துவத்துக்குப் பின் குருதியில் நச்சு பரவி, 1922ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் எழுதிய நிகழ்தகவு நூலின் திருத்திய பதிப்பு, மறைவுக்குப் பின் 1924இல் வெளிவந்தது. தந்தையின் பெயரையே தாங்கிய மகனும் பிற்காலத்தில் புகழ்பெற்ற கணித அறிஞரானார்.

நான்கு எழுத்து நூல்

உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் பொதிந்துள்ளது என்பதும், அதன் இரட்டைச் சுருள் வடிவமும் 1940, 1950களில் தெளிவாயின. அதில் எழுத்துகள் நான்கே: ஏ, சி, ஜி, டி. அவை மும்மூன்றாகச் சேர்ந்து படிக்கப்படுகின்றன. நான்கு எழுத்துகளால் 64 மூவெழுத்துத் தொகுதிகள் அமையும். அவற்றுள் 61 தொகுதிகள் புரதத்தின் உறுப்புகளாகிய இருபது அமினோ அமிலங்களைக் குறிக்கும். டிஏஏ, டிஏஜி, டிஜிஏ ஆகிய மூன்றும் முடிவுக்குறிகள். புரதம் ஒன்றை உருவாக்குவதற்கான செய்தி பெரும்பாலும் ஏடிஜி என்னும் தொகுதியில் தொடங்கி, முடிவுக்குறி ஒன்றில் முடியும். அந்தப் பகுதி ஒரு மரபணு.

பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சொற்களுக்கு இடையே வெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. மார்க்கோவ் புஷ்கினின் செய்யுளிலிருந்து நீக்கியவை இயற்கையின் நூலில் தொடக்கம் முதலே இல்லை. மூன்று மூன்றாகப் பிரிப்பதை முதல் எழுத்தில் தொடங்கலாம், இரண்டாவதில் தொடங்கலாம், மூன்றாவதிலும் தொடங்கலாம். எதிர் இழையையும் மறுதிசையில் அவ்வாறே படிக்கலாம். ஆக, ஒரே பகுதியை ஆறு வகையாகப் படிக்க இயலும். இவற்றுள் எந்த வாசிப்பு உண்மையான மரபணு?

ஓர் எளிய வழி உண்டு. எழுத்துகள் தற்செயலாகச் சிதறிக் கிடந்தால், ஏறத்தாழ 21 தொகுதிகளுக்கு ஒருமுறை முடிவுக்குறி எதிர்ப்படும். பாக்டீரியாவின் மரபணு சராசரியாக 300 தொகுதி நீளமுடையது. எனவே, முடிவுக்குறி குறுக்கிடாமல் நெடுந்தொலைவு செல்லும் பகுதியை மரபணு என ஐயுறலாம். ஆனால், இவ்வழி எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. சில மரபணுக்கள் மிகச் சிறியவை. சில நுண்ணுயிர்களில் ஜி, சி எழுத்துகள் மிகுதி. முடிவுக்குறிகளிலோ ஏ, டி எழுத்துகளே மிகுதி. அதனால் அவ்வுயிர்களில் முடிவுக்குறிகள் அருகி, மரபணு அல்லாத வெற்றுப் பகுதிகளும் நீண்டு தோன்றும்.

இங்கேதான் மார்க்கோவின் எண்ணிக்கை உதவுகிறது. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கப் பல தொகுதிகள் இருக்கலாம். ஒவ்வோர் உயிரினமும் அவற்றுள் சிலவற்றையே விரும்பிக் கையாளும். அதனால் மரபணுப் பகுதிக்கு ஒரு நடையும் ஏனைய பகுதிக்கு வேறொரு நடையும் அமைகின்றன. முன்னரே அறியப்பட்ட மரபணுக்களை எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஐந்து எழுத்துகளை அடுத்து ஆறாவதாக எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என எண்ணுவர். நான்கு எழுத்துகளால் ஐந்தெழுத்து வரிசைகள் 1,024 அமையும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஆறாம் எழுத்து மூவெழுத்துத் தொகுதியில் முதலிடத்தில் உள்ளதா, இரண்டாமிடத்திலா, மூன்றாமிடத்திலா என்பதற்கேற்ப அக்கணக்கும் மூன்றாகும். மரபணு அல்லாத பகுதிக்கும் தனி அட்டவணை உண்டு. பிறகு, புதிய பகுதி ஒன்றைக் கொடுத்தால், அது எந்த அட்டவணையின்படி பிறந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதைக் கணினி ஒப்பிட்டுச் சொல்லும். மார்க்கோவ் ஓர் எழுத்தை அடுத்து ஓர் எழுத்தைப் பார்த்தார். கணினி ஐந்து எழுத்துகளை அடுத்து ஓர் எழுத்தைப் பார்க்கிறது. முறை ஒன்றே.

மாஸ்கோவில் பணியாற்றிய மார்க் பொரதோவ்ஸ்கி என்னும் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் 1986இல் இம்முறையை டி.என்.ஏ. ஆய்வில் கையாண்டனர். மார்க்கோவின் நாட்டிலேயே இது நிகழ்ந்தது. அமெரிக்காவில் குடியேறியபின் அவர் 1993இல் ஜீன்மார்க் என்னும் கணினி நிரலை வெளியிட்டார். ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சா என்னும் பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுவதும் 1995இல் படித்து முடிக்கப்பட்டது. தனித்து வாழும் உயிரினம் ஒன்றின் முழு மரபுநூலும் எழுத்து எழுத்தாக வெளியானது அதுவே முதல்முறை. அதில் எழுத்துகள் 18,30,137. கையால் கட்டம் போட்டு எண்ணினால் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் வேண்டும். ஜீன்மார்க்கின் துணையுடன் அதில் 1,743 மரபணுக்கள் இருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கின் பணி என்ன என்பது அப்போது விளங்கவில்லை. மரபணு இருக்கும் இடத்தைக் கணக்கு சுட்டும். அதன் பணியை முடிவாகச் சொல்வது ஆய்வகமே.

1998இல் வெளிவந்த கிளிம்மர் என்னும் நிரல் மற்றொரு குறையைத் தீர்த்தது. நீண்ட வரிசைகளை எண்ணினால் துல்லியம் கூடும். ஆனால், அரிதாக வரும் வரிசைகளுக்குப் போதிய சான்று கிட்டாது. சான்று மிகுந்த இடத்தில் நீண்ட வரிசையையும், குறைந்த இடத்தில் குறுகிய வரிசையையும் நம்புமாறு சல்ஸ்பர்க்கும் அவர்தம் குழுவினரும் அதனை அமைத்தனர். இன்னும் தீராத இடர்ப்பாடுகள் உள்ளன. பாக்டீரியாக்கள் பிற உயிரினங்களிடமிருந்து மரபணுக்களைப் பெறுவதுண்டு. அவ்வாறு வந்த மரபணுவின் எழுத்துநடை வேறாக இருப்பதால், அது கணக்குக்குப் பிடிபடாமல் நழுவிவிடுகிறது.

அதே 1998ஆம் ஆண்டில்தான் காசநோய்ப் பாக்டீரியாவின் முழு டி.என்.ஏ.வும் படிக்கப்பட்டது. 44 லட்சம் எழுத்துகள். அவற்றில் நூற்றுக்கு 65க்கும் மேல் ஜி, சி. முடிவுக்குறிகள் அருகி, போலி மரபணுக்கள் மலியும் வகையைச் சேர்ந்தது அது. மார்க்கோவ் சங்கிலியை அடிப்படையாகக் கொண்ட நிரல் ஒன்று, அந்தப் பாக்டீரியாவுக்கெனவே பயிற்றுவிக்கப்பட்டு, மரபணுக்களைப் பிரித்தறியப் பயன்பட்டது. ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் கிடைத்தன. மருந்தைத் தாங்கிநிற்கும் காசநோயை ஆராய்வோர் இன்றும் அப்பட்டியலிலிருந்தே தொடங்குகின்றனர். விளாதிமிர் மார்க்கோவ் இறந்து அப்போது நூற்றோராண்டு ஆகியிருந்தது.